படகுப் பெயிண்ட் அடித்த புல்புல்தாரா

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். புதிதாகச் செய்த புல்புல்தாரா. மேலே கரியைத் தேய்த்து, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கி, நூறு வருஷம் பரணில் கிடந்த மாதிரி ஆக்கியிருந்தீர்கள். கீழே 'எப்படி இருக்குக்கா?' என்று ஒரு கேள்வி, பக்கத்தில் கும்பிடுகிற கைகள் வேறு. நன்றாகத்தான் இருந்தது. செத்துப்போன சாமான் மாதிரியே இருந்தது.

இதற்குப் போனில் பதில் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். டீ குடிக்கும் நேரத்தில் ஒருத்தர் வாசியுங்கள், மற்ற இரண்டு பேரும் கேளுங்கள். முதலாளி காதிலும் விழட்டும். இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நான்தான் வேலையை விட்டு வந்துவிட்டேனே, இனி என்ன செய்துவிடுவார்?

ஆலங்குடிப் பட்டறையில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே ஜன்னலோரத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். பெட்டி செய்வது ஆண்கள் வேலை, கம்பி கட்டிச் சுதி சேர்ப்பது இந்த அடைக்கம்மா வேலை என்று யார் பிரித்தார்களோ தெரியாது. பலாமரப் பெட்டி, அதன் மேல் கம்பிகள், கம்பிகளுக்கு மேல் டைப்ரைட்டர் மாதிரி வரிசையாகப் பொத்தான்கள். இடது கை பொத்தானை அமுக்கும், வலது கை கம்பியை மீட்டும். அவ்வளவுதான் புல்புல்தாரா. பஜனைக்காரர்கள் வாங்குவார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வாங்குவார்கள், ஓய்வு பெற்றபின் பாட்டு கற்றே தீருவேன் என்று கிளம்புகிறவர்கள் வாங்குவார்கள். இந்தக் கடைசி வகை ஆட்கள் ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

அப்போது காரைக்குடிப் பக்கம் பழைய பங்களாக்களை எல்லாம் ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஓட்டலின் சுவரில் மாட்டப் பழைய வாத்தியம் வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு கண்ணாடி, கையில் ஒரு பூதக்கண்ணாடி. நாங்கள் அவரை நிபுணர் என்றோம். அவரும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் நம் முதலாளிக்குப் பழசின் அருமை தெரிந்தது. அதுவரை பட்டறையில் பழைய பெட்டி ஏதாவது கிடந்தால் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். இப்போது புதுப் பெட்டியைப் பழசாக்கும் வேலை ஆரம்பமானது. பலாமரம் புதிதில் மஞ்சளாக இருக்குமே, அந்த மஞ்சளை மறைக்க டிகாக்‌ஷனைக் காய்ச்சி ஊற்றினார். அடுப்புக்கரியைத் தேய்த்தார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பெட்டிகளைக் கொண்டுபோய் மச்சினன் வீட்டு ஆட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டார். ஒரு கிடாய் முட்டி முட்டி ஒரு பெட்டியின் அடிப்பலகையைப் பெயர்த்துவிட்டது. "அதுவும் நல்லதுக்குத்தான் அடைக்கம்மா, இப்பத்தான் பாக்க இன்னும் பழசா இருக்கு" என்றார். கிடாய்க்குச் சம்பளம் கொடுக்காத குறைதான்.

கடைசியாகப் பூச்சி அரித்த ஓட்டைகள். டிரில்லிங் மிஷினை எடுத்து ஒரே ஊசியால் பெட்டி முழுக்கத் துளை போட்டார். எனக்கும் ஒரு உத்தரவு வந்தது.

"சுதியெல்லாம் சேக்க வேணாம்மா. சொவத்துல மாட்டத்தான் போறாங்க. சும்மா கம்பிய இழுத்துக் கட்டி விடு, போதும்."

வாத்தியம் செய்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாத்தியத்துக்குச் சுதி வேண்டாம் என்று கேட்டது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கட்டினேன். நிபுணர் முதல் தடவை வந்தபோது அந்தப் பெட்டிகளைத் தடவித் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் காளிமுத்து வந்தார். மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடற்கரைக் குடியிருப்பு, விசைப்படகில் தொழில்; அவர் பேச்சில் அது 'போட்டு'. உரச்சாக்குக்குள் ஒரு பழைய சேலை, சேலைக்குள் ஒரு புல்புல்தாரா. எடுத்து மேஜையில் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பளபளவென்று நீலம், ஓரத்தில் மஞ்சள் பட்டை, நடுவில் சிவப்புக் கோடு. குட்டிப் படகு ஒன்று கரையேறி வந்த மாதிரி இருந்தது.

"சிரிக்காதீங்கக்கா. எங்கப்பா வாசிச்சது. மீன்பிடித் தடைக்காலத்துல போட்டு கரையில நிக்கும்ல, அப்ப அதுக்கு பெயிண்ட் அடிப்போம். மிஞ்சுறத இதுக்கும் அடிச்சிருவோம். போட்டு பச்சைன்னா இதுவும் பச்சை, போட்டு நீலம்னா இதுவும் நீலம். உப்புக்காத்துல மரம் நிக்கணும்ல?"

நாலு பொத்தான்கள் எழும்பவில்லை, இரண்டு கம்பிகள் துருப்பிடித்திருந்தன. என்றைக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"தடை முடியப்போகுதுக்கா. போட்டு எறங்குற அன்னிக்குக் கரையில ஒக்காந்து இத வாசிக்கணும். எங்கப்பா ஒரு வருசம் அவசரத்துல வாசிக்காமப் போனாரு. திரும்பி வரல. அதுலேருந்து எங்கம்மா இந்தச் சத்தத்தக் கேக்காம என்னையக் கடலுக்கு விடாது."

புல்புல்தாரா வாசித்தால் கடல் கேட்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காது. கேட்கப்போவது கடல் இல்லை, அந்த அம்மா.

அவர் போனபின் அடிப்பலகையைக் கழற்றினேன். உள்ளே பெயிண்ட் படாத மரம், நன்றாக விளைந்த பலா, கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. வெளியே பெயிண்ட் அப்பி வட்டமாகத் தெரிந்த, சத்தம் வரும் துவாரம் உள்ளேயிருந்து பார்த்தால் பிறை வடிவத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் குன்றாண்டார்கோவிலில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை போட்டுப் பெட்டி செய்தார், அவர் மட்டும்தான் துவாரத்தைப் பிறையாக வெட்டுவார் என்று பட்டறையில் பேசிக் கேட்டிருக்கிறேன். பேர் யாருக்கும் தெரியாது. அவர் கைவேலை ஒன்றையாவது பார்த்துவிடமாட்டோமா என்று வெகுநாள் ஆசை எனக்கு. சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். ஒரு வாடிக்கையாளரின் பெட்டிக்குள் என்ன பார்த்தீர்களோ, அதை அந்த வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

காளிமுத்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன அதே நாள் காலையில் நிபுணர் இரண்டாம் தடவை வந்து இறங்கினார். வந்த வேகத்திலேயே முகம் சரியில்லை. பூதக்கண்ணாடியைப் புதுச்சரக்கின் மேல் வைத்தார்.

"பூச்சி ஓட்டை எல்லாம் ஒரே அளவா இருக்கே?"

"எங்க ஊருப் பூச்சி அப்படித்தான் சார்" என்றார் முதலாளி.

"நேரா வேற ஓட்டை போடுது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பூச்சி வளர்க்கிற ஆளா? நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நிபுணர் தீர்மானமாகச் சொன்னார். அசலாகப் பழசு ஒன்றைச் சாயங்காலத்துக்குள் காட்டவேண்டும், இல்லையென்றால் முன்பு வாங்கியதும் திரும்பி வரும், ஆலங்குடிச் சரக்கு போலி என்று போகிற இடமெல்லாம் சொல்வேன். சொல்லிவிட்டுக் கையிலிருந்த தோள்பையை எதன் மேல் வைத்தார் தெரியுமா? காளிமுத்துவின் நீலப் பெட்டி மேல். "இது என்ன, விளையாட்டுச் சாமானா?" என்று ஒரு கேள்வி வேறு. தேடி வந்த பொருள் மேலேயே பையை வைத்துவிட்டுத் தேடுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவரைச் சாப்பிடப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போகும் சாக்கில் முதலாளி வெளியே வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடைக்கம்மா, அந்த நீலப் பெட்டி நெசமாவே குன்றாண்டார்கோவில் சரக்குதானே?"

"ஆமாண்ணே."

"நாங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள பெயிண்டச் சொரண்டி வச்சிரு."

"காளிமுத்து இன்னிக்கு வாராருண்ணே."

"வரட்டும். புதுசுல ஒண்ண எடுத்து நீலத்த அடிச்சு அந்தச் சேலையில சுத்தி வச்சிரு. அவனுக்கு என்ன தெரியப்போகுது? பாக்கப்போனா அவனுக்குப் புதுசு கெடைக்குது, லாபந்தான்."

"அண்ணே, அது அவங்க அப்பாவோடது."

"அப்பா ஞாபகத்துக்கு நீலம் இருக்குல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கம்பி முறுக்கும் குறட்டை எறிந்திருப்பேன். அந்த மனுஷர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் பேர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் மூளை வெளியூர் போய்விட்டது. பயந்தவன் செய்கிற அநியாயம் கெட்டவன் செய்கிறதைவிடச் சுத்தமாக இருக்கும். அவனிடம் காரணம் தயாராக இருக்கும்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அவரே சுரண்டியைக் கையில் எடுப்பார், அவர் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், பலகை எலும்பும் தோலுமாகிவிடும். என்னையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடலாம். ஓடினால் திருடி என்பார்கள். நான் "சரிண்ணே" என்றேன். பிள்ளைகளா, இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். முதலாளி தப்பாக ஒன்றைச் சொல்லும்போது முகத்துக்கு நேரே கத்துகிறவன் கையிலிருந்து வேலை போய்விடும். வேலை யார் கையில் இருக்கிறதோ, தீர்ப்பும் அவர் கையில்தான் இருக்கும்.

மற்றவர்களும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தினேன். முதல் வேலையாகக் காளிமுத்துவின் பெட்டிக்குக் கம்பி மாற்றி, பொத்தான்களை எழுப்பி, நிதானமாகச் சுதி சேர்த்து, அவருடைய சேலையிலேயே சுற்றி அலமாரியில் வைத்தேன். பிறகு, விற்காமல் மூலையில் கிடந்த கிடாய் முட்டிய பெட்டியை எடுத்து அடிப்பலகையைச் சேர்த்து அடித்தேன். வண்டிகளுக்கு அடிக்கிற, சட்டென்று காய்கிற பெயிண்ட் நம்மிடம் எப்போதும் இருக்குமே. முதலில் சிவப்பு. வெளியே வெயிலில் வைத்தேன். புதுக்கோட்டை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம், நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது. அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள், அதற்கு மேல் நீலம். முதலாளி போட்ட பூச்சி ஓட்டைகள் எல்லாம் பெயிண்டுக்கு அடியில் அடங்கிப்போயின. பிறகு சுரண்டியை எடுத்து அங்கங்கே சுரண்டினேன். ஒரு இடத்தில் பச்சை தெரிந்தது, ஒரு இடத்தில் சிவப்பு தெரிந்தது, ஓரத்தில் டிகாக்‌ஷன் குடித்த மரம் தெரிந்தது. ஒரு பரம்பரையின் வரலாற்றை அவர்கள் சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் முடித்துவிட்டேன்.

அதற்குச் சுதியும் சேர்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். என் கை அப்படி.

முதலாளி நிபுணருக்கு முன்னால் வேகமாக உள்ளே வந்தார். சுரண்டிய பெட்டியைக் காட்டினேன். "இதுக்கு மேல சொரண்டுனா மரம் போயிரும்ணே" என்றேன். தலையாட்டினார். அடுத்து அலமாரிக்குப் போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தார். நான் பெயிண்ட் டப்பாவை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பெட்டியைத் திருப்பினார், தடவினார், முகர்ந்தார்.

"அடைக்கம்மா! அச்சு அசலா அப்படியே இருக்கே! அந்த மூலையில ஒடஞ்சிருந்துச்சுல்ல, அதக்கூட விடாமப் பண்ணிருக்கியே! பெயிண்ட் வாசமே இல்லையே, எப்படி?"

"ஃபேனைப் போட்டேண்ணே."

"ஒன்னய மாதிரி ஒரு வேலைக்காரி இந்த ஜில்லாவுலயே கெடையாது!"

சிரிப்பை அடக்க நான் இருமவேண்டியதாகிவிட்டது.

நிபுணர் வந்தார். சுரண்டிய பெட்டி மேல் பூதக்கண்ணாடியை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது. "பாருங்க, ஒவ்வொரு அடுக்கும் ஒரு தலைமுறை. தாத்தா சிவப்பு அடிச்சிருக்கார், அப்பா பச்சை அடிச்சிருக்கார்" என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். தாத்தா வேலையும் அப்பா வேலையும் பார்த்த நான், கையில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காளிமுத்து வாசலில் வந்து நின்றார். சாயங்கால பஸ்ஸில் வருவேன் என்றவர் முந்தின பஸ்ஸைப் பிடித்துவிட்டார். உள்ளே வந்ததும் அவர் கண் போனது மேஜையில் இருந்த சுரண்டிய பெட்டிக்கு.

"இதுவும் எங்க கடக்கரைப் பக்கத்துதாங்களா? நம்ம போட்டு நீலமாட்டமே இருக்கு?"

முதலாளி அவசரமாக நடுவில் வந்து நின்றார். "இல்லப்பா, இது அங்கிட்டு, நாகப்பட்டினத்துப் பக்கம்" என்று உளறினார். நான் சேலைப் பொதியை எடுத்துக் காளிமுத்துவின் கையில் கொடுத்தேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து மடியில் வைத்து, ஒரு வரி வாசித்தார். பட்டறையில் எல்லோரும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டோம். அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு குரல். குன்றாண்டார்கோவில்காரரை நான் பார்த்ததில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

நிபுணர் மட்டும் தலையை ஆட்டவில்லை.

"இது சமீபத்து வேலை. சத்தத்திலேயே தெரியுது. பழைய மரம் இவ்வளவு தெளிவாப் பேசாது" என்றார்.

காளிமுத்து பணிவாகச் சொன்னார். "ஆமாங்க சார், புதுசுதாங்க. இந்தத் தடைக்காலத்துலதான் பெயிண்ட் அடிச்சோம்."

நிபுணர் அந்தப் பதிலில் திருப்தியாகி, சுரண்டிய பெட்டியைத் துணியில் பொதிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். முதலாளிக்கோ குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. காளிமுத்துவை ஏமாற்றிவிட்டோம் என்று அவருக்கு நினைப்பு. கூலி வேண்டாம் என்றார். வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஒரு சுருள் கம்பியைச் சும்மாவே பையில் திணித்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு போய், பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். "ஒங்க மொதலாளி தங்கமான மனுசங்கக்கா" என்று காளிமுத்து அடுத்த தடவை என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

போட்டு இறங்கிய அன்று கரையில் வாசித்ததைப் போனிலேயே எனக்குக் கேட்கவைத்தார். பாட்டுக்கு நடுவில் வயசான குரல் ஒன்று, "ம், போய்ட்டு வா" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், போனைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

போன தை மாதம் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்காக, நிபுணர் பெட்டி வாங்கிப்போன அந்தக் காரைக்குடிப் பக்கத்து ஓட்டலுக்குப் போயிருந்தேன். நடு ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு போட்டு என் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை. நூறாண்டுக்கு முற்பட்டதாம். செய்தவர் பெயர் அறியப்படாத கலைஞராம். வண்ண அடுக்குகள் பல தலைமுறைகளின் அன்பைச் சொல்கின்றனவாம். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். காவலுக்கு நின்ற தம்பி ஓடி வந்தான்.

"கிட்டப் போவாதீங்கம்மா, ரொம்பப் பழசு."

"மூணாவது கம்பி எறங்கியிருக்கு தம்பி. ஒரு முறுக்கு முறுக்குனா சரியாப் போயிரும்."

"எறங்கிட்டுப் போவட்டும்மா. அத யாரு வாசிக்கப்போறா?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளி அண்ணே, இவ்வளவு வருஷம் உங்களிடம் வேலை பார்த்தேன். இந்த ஜில்லாவிலேயே என்னைப் போல ஆள் கிடையாது என்று நீங்கள் சொன்னது அந்த ஒரே தடவைதான். அதையும் நான் செய்யாத பெட்டியைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் செய்தது பேரில்லாமல் கண்ணாடிக்குள் கிடக்கிறது.

பிள்ளைகளா, தடைக்காலம் முடிகிற சமயம் காளிமுத்து வருவார். போட்டுக்கு என்ன கலர் என்பதை இப்போது அவர் மகள்தான் சொல்கிறாளாம், அதனால் பெட்டி ரோஸ் கலரில் இருக்கும். பார்த்ததும் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். கம்பி மாற்றுங்கள், பொத்தானுக்கு எண்ணெய் விடுங்கள், சுதி சேர்த்து அன்றைக்கே கொடுத்து அனுப்புங்கள். உள்ளே பிறை இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டுப் பெயிண்டில் யாராவது சுரண்டியை வைத்தது என் காதுக்கு எட்டினால், அடுத்த பஸ்ஸிலேயே ஆலங்குடி வந்து இறங்குவேன்.

அப்புறம், படத்தில் அனுப்பினீர்களே, அந்தப் பெட்டி. கரியைத் துடைத்துவிட்டு அதற்குச் சுதி சேருங்கள்.